பழைய கூட்டத்தில் புதுக் குஞ்சு: இரைப்பையைத் தொட்டுப் பார்த்துச் சேர்ப்பது

குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு திறந்துவிட்ட பத்தாம் நாள் ஒன்று, பன்னிரண்டாம் நாள் இரண்டு என்று செத்துப்போனால், "சீக்கு வந்துடுச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். புதைக்கும் முன் அந்தக் குஞ்சை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில், சற்று வலப்பக்கமாக, இரைப்பை இருக்கும். அது துணிப்பைபோல் தொய்ந்து கிடந்து, நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் கையில் குத்தினால், குஞ்சு செத்தது பட்டினியால். உடம்பில் ஒரு கொத்துக் காயம்கூட இருக்காது. தட்டு நிறையத் தீனி இருந்திருக்கும். பெரிய கோழிகள் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் விட்டிருக்காது.

கொத்திக் கொன்றுவிடும் என்ற பயத்திலேயே பலரும் குஞ்சு சேர்க்கிறார்கள். கொத்து கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து என்பதால் பார்த்தவுடன் தடுத்துவிடலாம். தீனிக்கும் தண்ணீருக்கும் வழி மறிக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாது. ஒதுக்கப்பட்ட குஞ்சு வேலியோரம் நின்று சும்மா மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கு அது மேய்வதுபோல் இருக்கும். இரவில் மற்றவற்றோடு ஒட்டி உட்காராமல் தனியே குளிரில் நிற்கும். நாலைந்து நாளில் மெலிந்து, பிறகு இரத்தக்கழிச்சலோ சளியோ தொட்டவுடன் விழுந்துவிடும். ஆகவே சேர்க்கும் மூன்று வாரமும் பொழுது சாய்ந்தபின் ஒவ்வொரு குஞ்சின் இரைப்பையையும் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. எட்டு வாரக் குஞ்சுக்கு நன்றாக மேய்ந்த நாளில் இரைப்பை பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து, தானியம் நெருநெருவென்று தட்டுப்படும். பத்துக் குஞ்சைத் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காலி இரைப்பையோடு இருக்கும் குஞ்சின் காலில் ஒரு கலர் நூல் கட்டிவிடுங்கள். அடுத்த நாளும் அதே நூல் கட்டிய குஞ்சின் இரைப்பை காலியாக இருந்தால் அந்தக் குஞ்சைத் திரும்பக் கூண்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

குஞ்சு எங்கிருந்து வந்தது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கொட்டாய்களில் குஞ்சு மூன்று வழியில் வரும். வீட்டு அடைகோழி பொரித்தது ஒன்று. ஒருநாள் குஞ்சாக வாங்கி பல்பு வெளிச்சத்தில் வளர்த்தது இரண்டாவது. சந்தையிலோ, மைக் கட்டிக்கொண்டு வரும் வண்டியிலோ ஒன்றரை இரண்டு மாதக் குஞ்சாக வாங்கியது மூன்றாவது. மூன்றையும் ஒரே மாதிரி சேர்க்க முடியாது.

அடைகோழியோடு வரும் குஞ்சுக்குச் சேர்க்கும் வேலையே கிடையாது, அதைத் தாய் பார்த்துக்கொள்ளும். பொரித்த முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் மூடி, குருணையும் தண்ணீரும் உள்ளேயே வைத்தால் போதும். அதன்பின் தாய் வெளியே கூட்டிவரும்போது எந்தக் கோழி நெருங்கினாலும் இறக்கையை விரித்துக்கொண்டு பாயும். இரண்டு மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் அதே தாய் குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும். அதற்குள் எந்தக் கோழி கோபக்காரி, எந்தப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் குஞ்சுகளுக்குத் தெரிந்துவிடும். இதில் கெடுவது ஒரே இடத்தில்தான். ஒரே வாரத்தில் இரண்டு தாய்கள் பொரித்து, இரண்டையும் ஒரே முற்றத்தில் விட்டால், ஒரு தாய் மற்றதன் குஞ்சை மண்டையில் கொத்தும். ஒன்றிரண்டு கொத்திலேயே குஞ்சு போய்விடும். குஞ்சுகள் இரண்டு வாரம் தாண்டும்வரை இரண்டு தாய்களையும் வீட்டின் வேறு வேறு பக்கம் விட வேண்டும்.

வாங்கிய ஒருநாள் குஞ்சுகளையும் அடைகோழியிடம் ஒப்படைக்கலாம், அதுதான் இருப்பதிலேயே சுலபமான வழி. கோழி குறைந்தது இரண்டு வாரமாவது உறுதியாக அடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு வயது இரண்டு மூன்று நாளைத் தாண்டக் கூடாது. இரவு எட்டு ஒன்பது மணிக்கு, விளக்குப் போடாமல், அடியிலிருக்கும் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு குஞ்சை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்துவிட வேண்டும். விடிவதற்கு முன்பே போய்ப் பக்கத்தில் இருங்கள். கொத்தினால் குஞ்சுகளை எடுத்துவிட்டு, பல்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அந்தக் கோழியை மறுபடி நம்ப வேண்டாம். சிறிய உடம்புள்ள நாட்டு ரகமான சிறுவிடைக் கோழிகள் இந்த வேலைக்குக் கெட்டி. மார்கழி, தை மாதத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவுக் குளிருக்கு ஒரு கோழியின் இறக்கைக்குள் எட்டுப் பத்துக் குஞ்சுக்கு மேல் அடங்காது. பங்குனி, சித்திரையில் பாலக்கோடு, அரூர்ப் பக்கம் பதினைந்து வைத்தாலும் சமாளிக்கும்.

இனி வருவதெல்லாம் தாய் இல்லாத குஞ்சுகளைப் பற்றி.

வயதைவிட எடை

"எத்தனை வாரத்தில் விடலாம்" என்று கேட்பார்கள். நாட்டுக் குஞ்சு எட்டு வாரத்தில் 400 கிராம்கூட வராமல் நிற்கும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்பட்ட ரகம் அதே எட்டு வாரத்தில் அதைப்போல் இரு மடங்கு நிற்கும். வீட்டில் இருப்பது ஒன்றேகால் கிலோ சிறுவிடையா, இரண்டரை கிலோ பெருவிடையா என்பதும் கணக்கில் வரும். ஆகவே வயதைப் பார்க்காமல் தொங்கு தராசை எடுங்கள். குஞ்சு, கூட்டத்தில் இருக்கும் சராசரிக் கோழியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் வலைக்குப் பின்னால் வைத்துப் பழக்கலாம். பாதி எடை வந்தபின் முழுதாகத் திறந்துவிடலாம். அதற்கு முன் திறப்பதென்றால் குஞ்சு மட்டும் நுழையக்கூடிய ஓட்டை கட்டாயம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறோம்.

இறகும் முக்கியம். முதுகிலும் இறக்கையடியிலும் பஞ்சு மயிர் போய் முழு இறகு மூடியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் இறக்கி, குளிர் இல்லாத மாதத்தில் நாலாம் வாரத்திலும் குளிர்மாதத்தில் ஆறாம் வாரத்திலும் பல்பை நிறுத்தியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரமாவது பல்பே இல்லாமல் இரவைக் கழித்துப் பழகியிருந்தால்தான் வெளிக்கூண்டுக்குக் கொண்டுபோகலாம். கல் பலகையை நட்டுக் கட்டிய கொட்டகை நம் பக்கம் நிறைய. கருங்கல் பகலில் வாங்கிய சூட்டை முன்னிரவுவரை வைத்திருக்கும், விடியற்காலையில் ஐஸ்போல் ஆகிவிடும். குஞ்சு கல்லை ஒட்டி உட்காராதபடி உள்பக்கம் ஓர் அடி உயரத்துக்குச் சாக்கு கட்டிவிடுங்கள்.

ஒற்றைக் குஞ்சை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குறைந்தது நாலு. கொத்து நாலு பேருக்கும் பிரிந்து போகும், இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் துணை இருக்கும்.

நோய் இரண்டு பக்கமும் நடக்கும்

சந்தைக் குஞ்சு வீட்டுக்கு நோய் கொண்டுவரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் கோழி குஞ்சுக்குக் கொடுக்கும் நோயைத்தான் மறந்துவிடுகிறோம். இரண்டு வருடமாக முற்றத்தில் இருக்கும் கோழி இரத்தக்கழிச்சல் கிருமியையும் நாள்பட்ட சளிக் கிருமியையும் தாங்கிக்கொண்டு, வெளியே ஒன்றும் காட்டாமல் திரியும். அதன் எச்சம் விழுந்த ஈர மண்ணில் குஞ்சு கால் வைத்தால் ஆறேழு நாளில் கழியும்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடத்தில் நாலு ஊர்க் கோழியும் ஒரே கூடையில் இருந்து வரும். அப்படி வாங்கியதை 21 நாள் தனியே வைக்க வேண்டும். வீட்டுக் கோழியிடமிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி, காற்று அங்கிருந்து இங்கே வீசாத பக்கமாக. இந்த 21 நாளில் வீட்டுக் கோழிகளுக்குத் தீனி தண்ணீர் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில்தான் புதியவற்றிடம் போக வேண்டும். போகும்போது வேறு செருப்பு. வீட்டிலேயே பல்பில் வளர்த்த குஞ்சாக இருந்தால் வரிசை தலைகீழ்: முதலில் குஞ்சு, பிறகு பெரிய கோழி. யாருக்கு யாரிடமிருந்து ஆபத்து என்று யோசித்தால் வரிசை மறக்காது.

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்புமருந்து, நாலாவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்புமருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடி ஊசி. இடையில் பதினாலாம் நாள் கம்போரோ என்ற வேறொரு நோய்க்கான சொட்டு. இந்த எட்டாம் வார ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனபின் சேர்த்தால் நல்லது. சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பத்துக் கிலோமீட்டர் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய கோழிக்குப் போடும் எட்டாம் வார ஊசி வீரியம் கூடிய ரகம். ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு அதைப் போட்டால் குஞ்சுக்கே நோய் வரலாம். ஊசி போட்ட பெரிய கோழி சில நாள் அந்த ஊசியில் உள்ள உயிர்க் கிருமியை எச்சத்தில் வெளியேற்றும். ஆகவே பிப்ரவரி மாத வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் பெரிய கோழிகளுக்கு ஊசி போட்ட கையோடு, தடுப்பூசியே போடாத சிறு குஞ்சுகளைக் கொண்டுபோய் அவற்றோடு விடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் இடைவெளி கொடுங்கள்.

வண்டியில் விற்கும் சாயம் போட்ட குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் கழித்த சேவல் குஞ்சுகள். குழந்தைகள் கேட்டார்கள் என்று வாங்கினால், அதையும் 21 நாள் தனியே வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பத்து ரூபாய்க் குஞ்சு இருபது கோழியை எடுத்துக்கொண்டு போன கதை கொட்டாய்க்குக் கொட்டாய் உண்டு.

சேர்ப்பதற்குப் பத்து நாள் முன்பே பெரிய கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். அப்படியே ஓர் இரவு டார்ச் அடித்து, கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தையும் ஆணி அடித்த பிளவுகளையும் பாருங்கள். சிவப்பாகப் பொடிப்பொடியாக ஊர்ந்தால் செல், அதாவது இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணி, பிடித்திருக்கிறது. பெரிய கோழி தாங்கும் செல், 400 கிராம் குஞ்சின் இரத்தத்தை ஒரு வாரத்தில் உறிஞ்சி வெளுக்கவைத்துவிடும். கட்டையைக் கழற்றி வெயிலில் போட்டு, பிளவுகளில் கொதிநீர் ஊற்றி, வேப்பெண்ணெய் தடவிய பிறகே குஞ்சு உள்ளே வரலாம்.

வலைக்கு அந்தப் பக்கம் பதினாலு நாள்

பெரிய கோழிகள் தினமும் மேயும் இடத்திலேயே, அவை கூடும் நிழலுக்குப் பக்கத்தில், குஞ்சுக் கூண்டை வைக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக வைத்தால் இந்தப் பதினாலு நாளும் வீண். பத்துக் குஞ்சுக்கு ஆறடிக்கு நாலடி, மூன்றடி உயரம். நாலு பக்கமும் அரை அங்குல வெல்டு மெஷ். அறுகோண ஓட்டை உள்ள சாதாரணக் கோழிவலையை நாய் பல்லால் கிழிக்கும், கீரி அடியில் தோண்டி நுழையும். வலையின் அடிப்பகுதியைச் சுற்றிலும் கல் அடுக்குங்கள். நம் ஊரில் கல்லுக்கு என்ன பஞ்சம். மேலே பாதி ஓலையும் பாதி வலையும் போட வேண்டும். வைரியும் காக்கையும் மேலிருந்து வரும், செம்போத்து புதரிலிருந்து வரும்.

கூண்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓர் ஆள் நீளம் நகர்த்துங்கள். (அடியில் கல் அடுக்கியிருந்தால் நகர்த்தும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தேள் இருக்கும்.) நகர்த்துவதற்குக் காரணம், எச்சத்தோடு விழும் இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகளுக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே நோய் கொடுக்கும் நிலைக்கு முதிர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த மண்ணைத் தொட்டால் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வரும், ஒரேயடியாகத் தின்றால் கழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிய மண் கறுத்துச் சேறாகக் கிடந்தால் அந்த மாதத்தில் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கட்டாயம் சேர்த்தாக வேண்டுமென்றால் தண்ணீர்ச் சட்டியை இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே கடலைத்தோலோ உமியோ மூன்று அங்குலம் போட்டு, நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுங்கள்.

எச்சத்தில் இரத்தம் தெரிந்து, குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு உறைந்து நின்றால் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம், ஐந்து நாள், வேறு தண்ணீர் எதுவும் வைக்காமல். அந்த ஐந்து நாளும் பி வைட்டமின் டானிக் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து வேலை செய்வதே கிருமிக்கு பி1 கிடைக்காமல் மறித்துத்தான். நாமே டானிக்கில் பி1-ஐ ஊற்றிக் கொடுத்தால் மருந்து வீண்.

வலைக்கு வெளியே, வலையை ஒட்டியே, பெரிய கோழிகளுக்குக் கம்போ கேழ்வரகோ தூவுங்கள். உள்ளே வலையை ஒட்டி குஞ்சுத் தீனி. முதல் இரண்டு மூன்று நாள் பெரியவை வலையில் கொத்தும், குஞ்சு பின்வாங்கும். ஐந்தாறு நாளில் இரு பக்கமும் அரையடி இடைவெளியில் தலையைக் குனிந்து தின்றால் பழக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். பத்து நாளாகியும் ஒரு கோழி மட்டும் வலையைக் கொத்திக்கொண்டே சுற்றி வந்தால், அதன் அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் கூட்டத்தின் தலைவியாக இருக்காது. பழைய கோழிகளில் கடைசி இடத்தில் இருப்பதுதான் அதிகம் கொத்தும், தனக்குக் கீழே முதல்முறையாக ஆள் வருகிறது அல்லவா. தலைக்கோழி ஒரு கொத்து கொத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

திறக்கும் சாயங்காலம்

பொழுது சாய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது திறக்க வேண்டும். காலையில் திறந்தால் பெரியவற்றுக்குப் பகல் முழுக்கத் துரத்த நேரம் இருக்கும். சாயங்காலம் என்றால் கொஞ்ச நேரத்தில் அடைய வேண்டிய நினைப்பு வந்துவிடும். பெரியவற்றுக்கு அரைமணி முன்பே வயிறு நிறையப் போட்டுவிடுங்கள்.

கூண்டை எடுக்காதீர்கள். கூண்டிலேயே ஐந்து அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் ஒரு ஓட்டை வெட்டி அதைத் திறந்துவிடுங்கள். வெட்டிய கம்பி முனைகளைப் பின்னுக்கு மடக்கி, மேலே ரப்பர் குழாயைப் பிளந்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடி நுழையும் குஞ்சின் முதுகு கிழியும். சிறுவிடை உள்ள வீடுகளில் ஐந்து அங்குலத்திலும் பெரிய கோழி நுழைந்துவிடும், நாலு அங்குலம் வையுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி கம்பு போட்டு ஒரு மணி நேரம் பார்த்தால் எது நுழைகிறது என்று தெரிந்துவிடும். பத்துக் குஞ்சுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஓட்டை. ஒன்றே இருந்தால் ஒரு கோழி வாசலில் நின்றுகொண்டு மொத்தத்தையும் மறித்துவிடும்.

குஞ்சுகளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டாம். தானாக வரட்டும். முதல் நாள் இரண்டு மூன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் எல்லாமே வெளியே வரும். ஒரு வாரம் இப்படிச் சாயங்காலம் மட்டும். இரண்டாம் வாரம் பகலிலும் ஓட்டை திறந்திருக்கட்டும். குஞ்சுத் தீனியும் தண்ணீரும் எப்போதும் கூண்டுக்குள்ளே இருக்க வேண்டும். இந்த வயதில் நாட்டுக் குஞ்சு ஒன்று நாளுக்குச் சுமார் 35 முதல் 40 கிராம் தின்னும், பத்துக்கு 400 கிராம். மாலையில் மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் மீந்தால் குஞ்சுகள் உள்ளே வந்து தின்னப் பயப்படுகின்றன, அல்லது வெளியே நன்றாக மேய்கின்றன. இரண்டில் எது என்பதை இரவில் இரைப்பை சொல்லிவிடும்.

வெளியிலும் தீனித் தட்டு ஒன்று போதாது. எட்டடி இடைவெளியில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி, இரண்டு மூன்று வையுங்கள். நடுவில் ஒரு முள் மிலார்க் கட்டு, சாய்த்து வைத்த பழைய கட்டில், கவிழ்த்த கூடை என்று எதையாவது போட்டால் துரத்தப்படும் குஞ்சு பின்னால் மறையும். வெட்ட வெளியாகத் துடைத்துவைத்த முற்றத்தில் ஒளிய இடமில்லாமல் துரத்தல் நீளும். மூலையில் குஞ்சு சிக்கிக்கொள்ளும் இடங்களை மட்டும் ஒரு பலகை சாய்த்து வளைவாக்கிவிடுங்கள்.

முட்டைக்கோழித் தீனி வாங்கிப் போடும் வீடாக இருந்தால் கவனம். அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை நாலு சதவீதம். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் வெள்ளையாக உப்புப் படியும். சேர்த்திருக்கும் காலத்தில் எல்லோருக்கும் வளர்கோழித் தீனியைப் போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவையானதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். வெறும் கேழ்வரகும் களி மிச்சமும் போடும் வீடுகளில் சுண்ணாம்பு கூடுவதில்லை, புரதம்தான் குறையும். உடைந்த பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுக் கூண்டுக்குள் கொட்டுங்கள், பெரியவை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மாந்தோப்பில் விடுபவர்கள் பூ நேரத்து மருந்தடிப்பைக் கணக்கில் வைக்க வேண்டும். தத்துப்பூச்சிக்கு அடித்த மறுநாள் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பூச்சிகளைப் பெரிய கோழியைவிடக் குஞ்சுதான் முந்திப் பொறுக்கும். அந்த வாரம் தோப்புக்குள் விடக் கூடாது.

எதற்குத் தலையிட வேண்டும்

மண்டையில் ஒரு கொத்து, குஞ்சு கீச்சென்று ஓடுகிறது, கோழி நின்றுவிடுகிறது. இதை விட்டுவிடுங்கள். இப்படித்தான் குஞ்சு தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். கோழிகளுக்குள் இப்படி மேலிருந்து கீழாக ஒரு கொத்து வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். கோழி வளர்த்த பாட்டிகளுக்கு அது முன்பே தெரியும். பத்தடிக்கு மேல் விடாமல் துரத்துவது, இரண்டு மூன்று கோழிகள் சேர்ந்து ஒரே குஞ்சை மடக்குவது, முதுகில் ஏறி அழுத்திக் கொத்துவது, குஞ்சு மூலையில் தலையைச் செருகி அசையாமல் நிற்பது, இரத்தம் தெரிவது: இந்த ஐந்துக்கும் உடனே தலையிட வேண்டும்.

இரத்தம் பட்ட குஞ்சை அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற குஞ்சுகள்கூட அதே இடத்தைக் கொத்தும். காயத்தைப் பொவிடோன் அயோடின் கலந்த நீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினால் ஈயும் உட்காராது, நிறமும் மறையும். ஆறும்வரை தனியே வைக்கும்போது ஒரு துணைக் குஞ்சையும் கூட வையுங்கள். தனியாக ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால் அது மறுபடி புது ஆளாகிவிடும், கொத்து முதலிலிருந்து தொடங்கும்.

வலையைக் கொத்திக்கொண்டே சுற்றிய அந்த ஒரே அடங்காத கோழியை என்ன செய்வது? குஞ்சை எடுக்காமல் அதை எடுங்கள். மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் நாலைந்து நாள் அடைத்துவைத்துவிட்டுத் திரும்ப விட்டால், இப்போது அது புதிதாக நுழைகிற ஆள். அதன் கவனம் தன் பழைய இடத்தைப் பிடிப்பதில் போகும், குஞ்சு தப்பிக்கும். இரண்டு முறை இப்படிச் செய்தும் மாறாவிட்டால் அந்தக் கோழி குழம்புக்கு.

சேவலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான சேவல் குஞ்சைச் சட்டை செய்யாது. சில சேவல்கள் கொக்கரித்துக் கூப்பிட்டுத் தீனியைக்கூட விட்டுக்கொடுக்கும். வான்கோழிக் குஞ்சை மட்டும் கோழிகளோடு சேர்க்காதீர்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாமல் அதன் குடலில் தங்கும் ஒரு நுண்ணுயிர் வான்கோழியின் ஈரலைக் கெடுத்துக் கொல்லும்.

இரவுக் கட்டை

பகலில் எல்லாம் சரியாகி, இரவில் கெடுவது உண்டு. முதல் வாரம் குஞ்சுகள் தங்கள் கூண்டிலேயே அடையட்டும். இரண்டாம் வாரக் கடைசியில், இருட்டியபின், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெரிய கோழிகள் உட்காரும் கொட்டகைக்குள் வைக்க வேண்டும். உயரத்தில் ஒரே ஒரு கட்டை இருந்தால் குஞ்சு ஏற முடியாமல் கீழே மூலையில் குவியும். குவிந்தால் அடியில் இருப்பது மூச்சுமுட்டும், மேலே இருப்பதன் மேல் எச்சம் விழும். ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று ஏணிபோல் கட்டைகள் சரிவாக வேண்டும். மேல் கட்டையின் நேர் கீழே கீழ்க்கட்டை வரக் கூடாது. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம், குஞ்சுக்கு ஐந்து. கட்டை கைக்கு அடங்கும் பருமனில், பட்டை உரித்த வேம்போ சவுக்கோ. இரும்புக் குழாய் வேண்டாம், குளிரில் கால் விறைக்கும்.

விடிவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. கோழிகள் கண் விழித்துக் கட்டையிலிருந்து இறங்கும் முதல் கால் மணி நேரம்தான் அடைத்த கொட்டகைக்குள் அதிகம் கொத்து நடக்கும். கதவை வெளுக்கும்போதே திறந்துவிட்டால் எல்லாம் வெளியே சிதறிவிடும். ஐந்தாறு நாள் இந்தச் சிரமம். ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கட்டிய கொட்டகையில் குஞ்சு சேரும் காலத்துக்கு மூன்று சதுர அடியாவது வேண்டும். இடம் போதாவிட்டால் சேர்ப்பதற்கு முன்பே நாலு பழைய கோழிகளை விற்றுவிடுவது மேல்.

தொடர்ந்து நாலு இரவு எல்லா இரைப்பையும் நிறைந்திருந்து, ஒரு குஞ்சாவது பெரிய கோழிக்குப் பக்கத்தில் ஒரே கட்டையில் உட்கார்ந்திருந்தால் கூண்டை எடுத்துவிடலாம். எடுத்த வலையைச் சுரண்டிக் கழுவி, நாலு நாள் வெயிலில் காயப்போட்டுச் சுருட்டிப் பரணில் வையுங்கள். ஓட்டையை அடைத்துவிட வேண்டாம்.

நாலு மாதத்தில் சேவல் குஞ்சுகள் கரகரவென்று கூவ ஆரம்பிக்கும்போது பெரிய சேவலோடு இரண்டாவது சண்டை வரும். இதற்கு வலையோ ஓட்டையோ உதவாது. பத்துக் கோழிக்கு ஒரு சேவல் என்று நிறுத்திக்கொண்டு மற்றதை ஆடி மாதத்துக்குக் கை மாற்றிவிடுங்கள், அம்மன் கோயில் கூழ் ஊற்றும் சமயத்தில் சேவலுக்குக் கேட்ட விலை கிடைக்கும்.